ஸ்டியரிங்கில் அடித்த வாசனை

1

இந்தக் கதை, நான் ஒரு வாக்கியத்தை அடித்து நீக்கியதால் வந்த வினை. எழுதுகிறவன் வாக்கியத்தை அடிப்பது தினமும் நடப்பதுதான், அதற்கெல்லாம் யாரும் வெட்கப்படுவதில்லை. நான் வெட்கப்படுகிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமை காலை, மணி எட்டு. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிரே அக்கா. முப்பது வருஷம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். சிவப்பு மைப் பேனா கையில் இல்லாமல் அவளுக்கு எதையும் படிக்க வராது. நான் ஒவ்வொரு தாளாக எழுதித் தள்ளுகிறேன், அவள் ஓரத்தில் குறிக்கிறாள். அவள் குறித்ததை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டுவைக்கிறேன்.

ஆரம்பம், முதல் முயற்சி: மலை அன்று மேகப் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, ஏதோ ஒரு...

[முகத்தை மறைச்சது யாரு, மலையா நீயா? விஷயத்துக்கு வா.]

2

அக்கா ஓய்வு பெற்றதற்கு நான் கொடுத்த பரிசு அந்த ஒருநாள் சுற்றுலா. காலையில் மலைக்காட்சி, மத்தியானம் விஸ்கி ஆலையில் ருசி பார்ப்பது, சாயங்காலம் வீடு. பயணிகள் எட்டுப் பேர். வண்டி ஓட்டியவரும் வழிகாட்டியும் ஒருவரே. காதோரம் நரைத்தவர். சட்டைக் காலரில் மாட்டிய மைக்கில் பேசிக்கொண்டே வளைவுகளில் வண்டியைத் திருப்புவார்.

அவரை முதலில் 'வாய் ஓயாத மனிதர்' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். நன்றாகப் பேசுகிறவரை மட்டம்தட்ட என்னைப் போன்றவர்கள் கைவசம் வைத்திருக்கும் சொல் அது.

வண்டி கிளம்பியதும் ஒவ்வொருவரிடமும் என்ன வேலை என்று விசாரித்தார். என் முறை வந்தது.

"எழுத்தாளர்," என்றேன்.

"அடேங்கப்பா! என்ன புக்கு சார் எழுதியிருக்கீங்க?"

சொன்னேன். வண்டியில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். "கண்டிப்பா வாங்கிப் படிக்கறேன் சார்," என்று வழிகாட்டி அடுத்த நிறுத்தத்தில் ஒரு துண்டுச் சீட்டில் பெயரைக் குறித்துக்கொண்டார். நிஜமாகவே குறித்துக்கொண்டார். எனக்கோ கேலி செய்கிறார் என்று பட்டது.

காட்சிமுனையில் இறங்கினால் நாலு அடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஒரே மூட்டம். எல்லோருக்கும் முகம் விழுந்துவிட்டது.

"மலை இன்னிக்கு லீவு போட்டிருக்கு," என்றார் வழிகாட்டி. "பரவால்ல, நான் சொல்றேன், நீங்க பாருங்க. கீழ ஏரி. அது கையளவுதான் தெரியும், ஆனா சுத்தி வர அரை நாள் ஆகும். அதுக்கு மேல ரெண்டு உச்சி. வலது பக்க உச்சியில ஒரு பனித்திட்டு இருக்கு. எந்த வெயிலுக்கும் அசையாது. எங்க வீட்டம்மாகிட்ட பாடம் படிச்ச பனி."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மேலும் சொல்லிக்கொண்டே போனார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "தெரியுது, தெரியுது!" என்றாள். எனக்கும் தெரிந்தது. புத்தகம் எழுதியவன் நான், மூட்டத்துக்குள் மலையைக் காட்டியவர் அவர். வயிறெரிந்தது எனக்கு.

[இதை நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே. பொறாமையா? சரி, எழுது.]

3

இனி நடந்ததை நடந்தபடி. அலங்காரம் கிடையாது.

ஆலையில் பெரிய பெரிய செம்புக் கொப்பரைகளையும் பீப்பாய்களையும் சுற்றிக் காட்டிவிட்டு, நீள மேசையில் உட்காரவைத்தார்கள். ஆளுக்கு மூன்று சின்னக் கிளாஸ். ஓட்டுநரின் பங்கை மட்டும் ஆலைக்காரப் பெண் விரல் பருமனான குப்பியில் ஊற்றி, மூடி முத்திரை ஒட்டி, 'ஓட்டுநர்' என்றும் தேதியும் எழுதிக் கொடுத்தாள். ஓட்டுகிறவர்கள் அங்கே குடிக்கக் கூடாது, வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அதுதான் அங்கே வழக்கம்.

அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டு இருமோ இருமென்று இருமினாள். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? இருமல் மருந்தே தேவலை!"

வழிகாட்டி சிரித்தார். "எல்லாரும் வாய்க்குத்தான் அவசரப்படறீங்க மேடம். கையை நீட்டுங்க." அவள் கிளாஸிலிருந்தே சில சொட்டுகளை அவள் உள்ளங்கையில் விட்டு, தன் உள்ளங்கையிலும் விட்டுக்கொண்டார். "நல்லா தேய்ங்க. சூடு வரணும். இப்ப மூக்குகிட்ட கொண்டு போங்க. காரம் முதல்ல போயிடும். அப்புறம் தானியம் வரும். கடைசியில மரம்."

"அட, ஆமா! புது அலமாரி வாசனை!"

"பதினாறு வருஷமா நான் இப்படித்தான் மேடம். வாயில வெச்சதே இல்ல. ஓட்டறவனுக்கு மூக்கு போதும்." சொல்லிவிட்டு முத்திரை போட்ட குப்பியை அக்காவிடம் நீட்டினார். "ரிட்டயர் ஆயிருக்கீங்க. என் பரிசு."

நேரமாகிவிட்டது. கையைக் கழுவாமலே வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். முன்சீட்டில் நான். திரும்பும் வழியெல்லாம் ஸ்டியரிங்கிலிருந்து அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது. ஒரு வளைவில்கூட வண்டி அலுங்கவில்லை.

[இந்த வரிக்கு முழு மார்க்.]

4

வீட்டுக்கு வந்து, இணையத்தில் அந்தச் சுற்றுலாவுக்கு ஒரு விமர்சனம் எழுதினேன். முதல் வடிவம் இது:

'விஸ்கியை உள்ளங்கையில் தேய்த்து முகரக் கற்றுக்கொடுத்தார் வழிகாட்டி. அதனால் திரும்பும்போது ஸ்டியரிங்கிலும் அதே வாசனை. மலைதான் தெரியவில்லை.'

உண்மை. ஆனால் சிரிப்பு வரவில்லை. முன்பாதி இழுக்கிறது என்று பட்டது. அடித்தேன். வெளியே போனது இது:

'மலை தெரியவில்லை. ஸ்டியரிங்கில் விஸ்கி வாசனை நன்றாகத் தெரிந்தது. வளைவில் ஆடியது மலையா வண்டியா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.'

இரண்டு நட்சத்திரம். கீழே ஒரு புனைபெயர். நானூறு பேர் 'பயனுள்ளது' என்று அமுக்கினார்கள். என் புத்தகத்துக்கு நாற்பது பேர்கூட வாய் திறந்ததில்லை. தினமும் காலையில் எழுந்ததும் அந்த எண்ணைத்தான் பார்த்தேன். சொல்லவே கூசுகிறது.

நீங்களும் இப்போது லேசாகச் சிரித்திருப்பீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சிரிக்கத்தானே எழுதினேன்.

5

அக்காவின் சிநேகிதி அதே சுற்றுலாவுக்குப் பதிவு செய்யப் போய், அந்த வழிகாட்டிதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறோம், ஒரு புகார் என்று பதில் வந்தது. அக்கா சுற்றுலா அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். அவர்கள் விமர்சனத்தை வாசித்துக் காட்டினார்கள். அன்று சாயங்காலமே என் வீட்டு வாசலில் நின்றாள்.

"ஆடியது மலையா வண்டியான்னு கேட்டதுமே தெரிஞ்சுபோச்சுடா. இது உன் கை."

"அக்கா, அது சும்மா தமாஷுக்கு..."

"வண்டி ஆடிச்சா?"

"இல்ல."

"அவர் குடிச்சாரா?"

"இல்லக்கா."

"அப்ப எதுக்குடா எழுதின?"

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வெளிய சொல்லிடாதே, மானம் போயிடும்," என்று நான் கேட்டதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

"யார் மானம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

6

அவள் போனதும் விமர்சனத்தை நீக்கினேன். கதை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் அலுவலகத்துக்கு நானே ஃபோன் செய்து, எழுதியது நான் என்றேன்.

மேலாளர் அம்மா பொறுமையாகத்தான் பேசினார். "நாங்க பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கோம் சார். நேத்து திடீர்னு காணாமப் போயிருக்கு. அவரே உங்களைத் தேடிப் பிடிச்சு, கெஞ்சி எடுக்க வெச்சிருப்பாரோன்னு மேல இருக்கறவங்க இப்ப வேற சந்தேகப்படறாங்க."

"அவர் என்ன சொல்றார்?"

"வாசனை அடிச்சது உண்மைதான், எழுதினவர் பொய் சொல்லலைன்னு சொல்றார். கையில தேய்ச்சேன், கழுவ மறந்துட்டேன், தப்பு என்னுதுன்னு. அதை யார் நம்புவாங்க? உங்க அக்கா சொன்னதையும் குறிச்சிருக்கோம். ஆனா எழுதினவர் வந்து சொல்லணும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. எழுத்துல குடுங்க, கீழ கையெழுத்துப் போட்டு. இல்லைன்னா வேலை போயிடும், லைசென்ஸும் கஷ்டம்தான்."

எழுதினவர் பொய் சொல்லலை. அவர் என் பக்கம் பேசியிருக்கிறார்.

[இங்க தாள் நனைஞ்சிருக்கு. பரவால்ல.]

7

மேலே எழுத வரவில்லை. சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) விசாரணைக்கு முன்பே உண்மை எப்படியோ வெளிவந்துவிடுகிறது. நான் வீட்டைவிட்டு நகரவே வேண்டியதில்லை.
[எப்படியோன்னா எப்படி? வழிமுறை இல்லாத விடை. பூஜ்யம்.]

(ஆ) வழிகாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க சார், உங்க எழுத்துக்கு முன்னால இதெல்லாம்..."
[சீ.]

(இ) இந்தக் கதை ஒரு பத்திரிகையில் வருகிறது. மேலாளர் அம்மா படிக்கிறார். மனம் மாறுகிறார்.
[பதினோரு மணிக்குள்ள எந்தப் பத்திரிகைடா வரும்?]

அவள் சொல்வது சரி. காலையிலிருந்து தாள் தாளாக எழுதித் தள்ளுகிறேன், கேட்ட நாலு வரியை எழுதவில்லை. இதைக் கதை என்று சொல்லிவிட்டால் யாரும் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள் என்ற நினைப்பு.

8

எழுதிவிட்டேன்.

'அந்த விமர்சனத்தை எழுதியவன் நான். வழிகாட்டி விஸ்கியை உள்ளங்கையில் தேய்த்து முகரக் காட்டினார்; வாசனை அதனால் வந்தது. அவர் குடிக்கவில்லை, வண்டி ஆடவில்லை. இது எனக்கு அப்போதே தெரியும். படிப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காக, தேய்த்ததைச் சொன்ன வரியை நான்தான் அடித்துவிட்டேன்.'

கீழே கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. பக்கத்தில் அக்கா அந்தக் குப்பியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். முத்திரை உடையவில்லை. அலுவலகம் இங்கிருந்து பதினைந்து நிமிஷ நடை. விசாரணை மேசைக்கு எதிரே வழிகாட்டியும் உட்கார்ந்திருப்பார், என்னை நிமிர்ந்து பார்ப்பார். அதை நினைத்து இன்னொரு தாளை இழுத்துக்கொண்டேன்.

நான் போனேன் என்று இங்கே எழுதினால் நம்பாதீர்கள். அப்படி எழுதவும் எனக்குத் தெரியும், பாதியில் நிறுத்தி உங்களை நம்பவைக்கவும் தெரியும். என்றைக்காவது அந்த வண்டியில் ஏற நேர்ந்தால் நீங்களே பாருங்கள். ஓட்டுகிறவர் உங்கள் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, சூடு வரும்வரை தேய்க்கச் சொன்னால் இந்தக் கதையின் முடிவு உங்களுக்குத் தெரிந்துவிடும். வேறு யாராவது ஓட்டினாலும் தெரிந்துவிடும். அப்படியானால் தயவுசெய்து என் புத்தகம் எதையும்

[மணி பத்து நாற்பது. கையெழுத்தைப் போட்டுட்டு பேனாவைக் கீழ வை.]