எல்லாருக்கும் முதலிடம்

எங்கள் மாதா கோயில் திருவிழா இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நான். விழாக்குழுவில் பதினொரு பேர்; அவர்கள் பெயர்ப் பட்டியல் முதல் பக்கத்திலேயே இருக்கும். "எம்பேரு ஏம்ளா கீழ கெடக்கு?" என்று தினமும் பத்துப் பேர் போன் போட்டுக் கத்துவார்கள். முதலில் இருப்பவர் மட்டும் தூத்துக்குடியில் நிம்மதியாக மீன் ஏலம் விட்டுக்கொண்டிருப்பார்.

தளத்தில் புதிதாக ஒரு வசதி வந்தது: பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பெயர் வரிசை தானாக மாறும். எரிச்சலில் அதைப் போட்டுவிட்டேன்.

மறுநாள் ஒருவரும் கத்தவில்லை. விசைப்படகு மச்சாது அண்ணாச்சி மட்டும் கூப்பிட்டார். "இப்பதாம்ளா ஒழுங்காப் போட்டிருக்க!"

வாட்ஸ்அப்பைத் திறந்தேன். பதினொரு பேரும் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் அவரவர் பெயரே முதலில்.

சிரித்து முடித்துவிட்டு என் பெயரையும் சேர்த்தேன். முதலில் வருவதற்குள் ஒன்பது தடவை திறக்க வேண்டியிருந்தது.