மாதாவுக்கு வெட்டின பூ

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்த ரொஷேல், கைப்பையைக்கூட இறக்காமல் நேரே பல்கனிக்குப் போனாள். காலையில் நாலு பூவோடு தொங்கிய கொத்தைக் காணவில்லை. தண்டில் கத்தரிக்கோல் வெட்டின பச்சைக் காயம் மட்டும் இருந்தது.

"கிளைவ்! இதை ஆர் வெட்டினது?"

அவள் புருஷன் டீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்கா வந்திட்டுப் போனவ. மே மாதம்தானே, மாதாவுக்கு வைக்கப் பூ கேட்டா. பல்கனியில பார்த்து எடுங்கோ எண்டனான்."

"அந்தூரியம் அவ்வளவு இருக்கேக்க இதையா வெட்டினவ?"

"ஒரு பூவுக்கு ஏன் இப்பிடிச் சத்தம் போடுற?"

ஒரு பூ!

அது வெசாக் ஓர்கிட். இலங்கையின் ஈரக் காடுகளுக்கே உரியது, அங்கேயும் அருகிவிட்டது. அனுமதியோடு வளர்க்கும் ஒருவரிடமிருந்து ஒரு காய் கிடைத்தபோது, வெள்ளவத்தை ஆய்வுகூடமொன்றில் ஒன்றாக வேலை செய்யும் ரொஷேலும் உஷாந்தியும் அதை விதையிலிருந்து வளர்க்கத் துணிந்தார்கள். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி விதை. முளைக்கத் தேவையான சாப்பாடு அதற்குள் ஒரு துளியும் கிடையாது. மண்ணில் போட்டால் செத்துப்போகும். சீனியும் உப்புகளும் கலந்த ஜெலியை ஜாம் போத்தல்களில் ஊற்றி, பிரஷர் குக்கரில் அவித்து, கிருமி விழாமலிருக்கச் சரித்து வைத்த மீன்தொட்டிக்குள் கையை விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு விதைத்தார்கள். பூஞ்சணம் பிடித்தால் அந்தப் போத்தலே போச்சு. போத்தல் போத்தலாகப் போனது. போத்தலை விட்டு வெளியே எடுத்த நாற்றுகளில் பாதி வெயிலில் போனது, மீதியிலும் பெரும்பாலானவற்றை நத்தை தின்றது. கடைசியில் தப்பியவை இரண்டு. ஒன்று இங்கே, மற்றது உஷாந்தியின் பிளாட்டில்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு இரண்டும் ஒரே வாரத்தில் பூத்திருந்தன. இதன் மகரந்தத்தை அதற்கு வைத்தால் காய் பிடிக்கும், காய் பிடித்தால் மறுபடி விதை. நாளைக்கு அந்த வேலையைச் செய்வதாகத்தான் இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

ரொஷேல் ஒரு சின்ன மருந்துக் குப்பியையும் பல்லுக்குத்தும் குச்சியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கிளைவ் வாசல் வரை பின்னால் ஓடி வந்தான். "கோவிலுக்குள்ள போய்ச் சண்டை பிடிக்காத!"

கோவிலில் மாதா பீடத்தில், கண்ணாடிக் குவளை ஒன்றில், இளம் ஊதா நிறத்தில் அவளுடைய நாலு பூவும் கிடந்தன. சிவப்பு ரிப்பன் வேறு கட்டியிருந்தது. முன்வரிசை வாங்கில் கிளைவின் அக்கா யோசெப்பின் செபமாலைக் கூட்டத்தோடு இருந்தாள். ரொஷேலைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"பார்த்தியா, எவ்வளவு வடிவா இருக்கு! எல்லாரும் கேட்டவை, ஆற்றை வீட்டுப் பூவெண்டு."

"அக்கா, என்னைக் கேட்டனீங்களா?"

"தம்பிட்டக் கேட்டனான்."

"தம்பியா அதை வளர்த்தவர்?"

வாங்குகளில் முணுமுணுப்பு அடங்கியது. யோசெப்பின் குரலைத் தாழ்த்தினாள். "மாதாவுக்குத்தானே குடுத்தனான், எனக்கா வச்சுக்கொண்டன்? அடுத்த வருஷமும் பூக்கும்தானே."

"என்ரை பொருளை எனக்குத் தெரியாமல் எடுத்து நீங்கள் காணிக்கை வைப்பீங்கள். ஆசீர்வாதம் உங்களுக்கு, இழப்பு எனக்கு. இது என்ன கணக்கு அக்கா?"

பதிலுக்கு நிற்காமல் ரொஷேல் பீடத்தடிக்குப் போனாள். பீடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒஸ்வால்ட் அங்கிள் குறுக்கே வந்து நின்றார்.

"மகள், வச்ச பூவை எடுக்கக் கூடாது."

"பூவை எடுக்கேல்லை அங்கிள். அது இனி எனக்கு என்னத்துக்கு? அதுக்குள்ள இருக்கிற மகரந்தம்தான் வேணும்."

அவர் யோசெப்பினைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார், பிறகு மெல்ல விலகினார். ரொஷேல் குவளைக்கு முன்னால் குனிந்தாள். கோபத்தோடு இந்த வேலை ஆகாது. கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டாள். பூவின் நடுவில் இருந்த சின்ன மூடியைக் குச்சியால் நெம்பினாள். மஞ்சள் கட்டி குச்சி முனையில் ஒட்டிக்கொண்டு வந்தது. நாலு பூவிலும் எடுத்துக் குப்பியில் போட்டாள். பின்னால் யாரோ, "விசர்" என்றது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்குப் போனாள். கதையைக் கேட்ட உஷாந்தி தலையில் கை வைத்தாள். "உன்ரை மச்சாளை என்ன செய்யிறது?"

"பிறகு யோசிப்பம். முதல்ல பூவைக் காட்டு."

உஷாந்தி டோர்ச் பிடித்தாள். மகரந்தக் கட்டியைப் பூவுக்குள் இருந்த பசைக்குழியில் ரொஷேல் மெதுவாக அழுத்தினாள். சில நாளில் பூ வாடி மடிந்தது. அதன் காம்பு மட்டும் பச்சையாகவே நின்று, பருக்கத் தொடங்கியது.

காய் பிடித்த செய்தியைக் கிளைவ்தான் அக்காவுக்குச் சொன்னான். அடுத்த ஞாயிறு யோசெப்பின் கேக்கோடு வந்தாள்.

"நான் அண்டைக்கே சொன்னனான், மாதா கைவிடமாட்டா எண்டு. செபக் கூட்டத்தில எல்லாருக்கும் கன்று வேணுமாம்."

ரொஷேல் கேக்கைத் தொடவில்லை. "அக்கா, நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லேல்லை."

"என்ன வார்த்தை?"

நடிப்பில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. முகம் அப்பாவியாக, பதிலுக்குக் காத்திருந்தது. அதுதான் ரொஷேலுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

எழுந்து பல்கனிக்குப் போய்ச் செடியைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். கொண்டுவந்து கிளைவின் மடியில் வைத்தாள்.

"தூக்கு. உஷாந்தி வீட்டுக்குக் கொண்டு போவம்."

"இப்பவா? அக்கா வந்திருக்கிறா..."

"தெரியுது. அதாலதான் இப்பவே போகவேணும்."

கிளைவ் அக்காவைப் பார்த்தான். அவள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் செடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தான்.