கழுத்துக்கு ஏறிய நிழல்

ஸ்டுடியோ படியில் வந்து நின்ற செங்கமலம் அழுது முடித்திருந்தாள். கன்னத்தில் ஈரம் இருந்தது, கண்ணில் இல்லை. விரல்களில் வேர்க்கடலைக் கொல்லையின் மண்.

"எவ அவ, போட்டா புடிச்சவ?"

கவுண்டரில் இருந்த ரகுபதி எழுந்துகொண்டான். டார்க் ரூமிலிருந்து முந்தானையில் கை துடைத்தபடி அவன் மனைவி சசிரேகா வந்தாள்.

"நான்தான். என்ன வேணும்?"

"இன்னா வேணுமா? என் வூட்டுக்காரருக்கு மாலையப் போட்டுக் கண்ணாடில மாட்டி வச்சிகினு, இன்னா வேணும்னு கேக்கறியா?"

வாசல் கண்ணாடிப் பெட்டியில், கல்யாண ஜோடிகளுக்கும் மொட்டை போட்ட குழந்தைகளுக்கும் நடுவே அந்தப் படம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பூக்கடையோரம், மூன்று சக்கர வண்டியின் பலகைமேல் மல்லாந்து தூங்கும் ஒரு ஆள். கடையின் கழியில் தொங்கிய மாலைகளின் நிழல் அவன் கழுத்தைச் சுற்றி நெஞ்சில் விழுந்திருந்தது. நிழல் என்று தெரிய ஒரு கணம் ஆகும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் சசிரேகா அதைப் பெரிதாகப் பிரிண்டு போட்டாள்.

பாஸ்போர்ட் படங்கள் எடுத்தபின் பிலிம் ரோலில் ஒன்றிரண்டு மிஞ்சும். அவசரக்காரர்களுக்காக ரோலைக் கழுவியாக வேண்டும் என்றால் ரகுபதி எதிர்ச்சுவரை எடுத்து முடித்துவிடுவான். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சுவர்ப் படங்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. மிச்சத்தை நான் முடிக்கிறேன் என்று கேமராவைத் தெருவுக்கு எடுத்துப் போனாள். சைக்கிளில் கட்டிய பாய்க்கட்டு, பம்புசெட்டுக் குழாயை மூன்று பேராகத் தூக்கிப் போகிறவர்கள், மழையில் பிளாஸ்டிக் பையைத் தலைக்கு மாட்டிய கண்டக்டர். அன்றாடம் பார்த்ததையெல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் வைத்துப் பார்க்கையில் தனக்கென்று ஒன்று கிடைத்தது போலிருந்தது. வீட்டில் வேறெதுவும் அவளுடையதாக இல்லை.

வைகாசியில் ஊரில் நடந்த கூட்டத்தில், தலைவருக்கு மாலை போட வந்தவளின் குண்டு வெடித்தபிறகு எல்லாம் மாறிவிட்டது. கண்மூடிக் கிடந்தவர்களின் படங்கள் நாள்தோறும் பேப்பரில் வந்தன. கேமராவைக் கண்டால் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் டபரா கழுவிய தண்ணீரை அவள் காலடியில் கொட்டினார். அவள் போவதை நிறுத்தவில்லை.

"அது மாலை இல்லீங்க, நிழல்," என்றாள் சசிரேகா. "அவர் தூங்கிட்டிருந்தார்."

"கொல்லையில கள்ளக்கா புடுங்கினு இருந்தேன். உன் புருசன் போட்டாவ மாலையோட ஸ்டுடியோல வச்சிகீறாங்கன்னு ஒருத்தி வந்து சொன்னா. பஸ் முச்சூடும் மார்ல அடிச்சிகினு வந்தேன். எறங்கினா, இந்த ஆளு மூட்டை ஏத்திகினு கீறான்."

பின்னால் நின்ற அவள் புருஷன் எல்லப்பன் அசடு வழிந்தான். "என்னைப் பாத்ததும் செருப்பக் கயிட்டிகினு வந்தாம்மா."

யாரோ சிரித்தார்கள். வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. பூக்கடை தணிகாசலமும் வந்திருந்தார்.

"என் கடை எதுக்குய்யா இதுல? நாளைக்குப் போலீசு வந்து எங்கிட்ட இன்னா ஏதுன்னு கேட்டா?" என்று ரகுபதியிடம் பாய்ந்தார். "நானும் பாத்துகினுதான் இருந்தேன். இந்தப் பொண்ணு அம்மாம் நேரம் வெயில்ல நின்னுகினு இருந்திச்சி. பூ வாங்கத்தான் நிக்கிதுன்னு நெனச்சேன்."

செங்கமலம் சசிரேகாவிடம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"தூங்கற ஆளப் புடிக்க எதுக்கு அம்மாம் நேரம்?"

அன்று சசிரேகா போனபோது நிழல் அவன் வயிற்றில் கிடந்தது. அப்போதே எடுத்திருக்கலாம். வெயில் சாயச் சாய அது மேலே ஏறியது. கழுத்துக்கு வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. சாவு என்ற சொல்லை அன்று நினைக்கவில்லை என்றுதான் இதுவரை நம்பியிருந்தாள். நினைக்காமலா கழுத்துக்கு வரட்டும் என்று இருந்தாள்?

"நெகட்டிவ எடுத்தாந்து குடு," என்றான் ரகுபதி. "நம்ம பொழப்பு இங்கதான்."

எல்லப்பன் இதற்குள் கண்ணாடிப் பெட்டியை நெருங்கி மூக்கு படும்படி நின்றான். "வாய மூடிகினுதான் தூங்கறேன். கொறட்டைன்னு நீ சொல்றதெல்லாம் சும்மா."

"ந்தா, நீ அத்தப் பாக்காத," என்றாள் செங்கமலம்.

அலமாரியில் நெகட்டிவ்கள் பட்டை பட்டையாக உறையில் இருந்தன. ஏதோ ஒரு சுவர்ப் படத்தை வெட்டிக் கொடுத்தால் செங்கமலத்துக்குத் தெரியப்போவதில்லை. சசிரேகாவின் விரல் ஒரு கணம் அந்த உறையில் நின்றது. ஆனால், எதுக்கு என்ற கேள்வி இன்னும் அவள் காதிலேயே இருந்தது. சரியான துண்டையே வெட்டி எடுத்து வந்தாள்.

செங்கமலம் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். நெகட்டிவில் ஆள் கருத்தும், கழுத்து மாலை வெள்ளை வெளேரென்றும் இருந்தது. தணிகாசலத்திடம் தீப்பெட்டி வாங்கி அதைக் கொளுத்தினாள். அது சுருண்டு படியில் ஒட்டிக்கொண்டது. பெட்டியிலிருந்த படத்தை ரகுபதியே எடுத்துக் கிழித்தான்.

"இப்ப கண்ணத் தொறந்துகினு நல்லபடியா ஒண்ணு எடு. அதான் இந்தப் பெட்டில இருக்கணும்," என்றாள் செங்கமலம்.

எல்லப்பனைத் திரைக்கு முன் உட்கார வைத்தார்கள். ரகுபதியின் சீப்பால் தலை வாரிக்கொண்டு விறைப்பாக விழித்தான். சசிரேகா எடுத்தாள். படத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது என்று எடுக்கும்போதே தெரிந்தது.

"முடிஞ்சிதா?" என்றான் எல்லப்பன்.

"ரோல்ல இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றாள் சசிரேகா, யாரிடம் என்றில்லாமல்.

செங்கமலம் வாசற்படியில் திரும்பி நின்றாள். பின்னால் தெரு வெயில். புடவை முழங்கால் வரை செம்மண். கண்கள் நேராகச் சசிரேகாவைப் பார்த்தன.

"என்னைப் புடியேன். நான் முழிச்சிகினுதான் கீறேன்."

கேமரா தானாகவே சசிரேகாவின் கண்ணுக்கு வந்தது. கட்டத்துக்குள் அந்த முகம் நிறைந்தது. இப்படி ஒன்று இதுவரை கிடைத்ததில்லை, இனியும் கிடைக்காது. விரல் பொத்தான் மேல் இருந்தது. அந்த முகம் இவள் எடுத்துக்கொள்ளக் கிடக்கவில்லை, இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நகரவே இல்லை. பாய்க்கட்டுக்காரன், கண்டக்டர், எல்லப்பன், ஒருவர்கூட இவளைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் கேமராவை இறக்கினாள்.

செங்கமலம் படியில் காறித் துப்பிவிட்டு இறங்கிப் போனாள்.

"காலைல பாஸ்போர்ட் எடுத்தவங்க வந்துடுவாங்க," என்றான் ரகுபதி. அவள் கையிலிருந்து கேமராவை வாங்கி, எதிர்ச்சுவரை எடுத்து ரோலை முடித்தான்.