நடுவில் நின்ற கேக்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த கோழைத்தனங்களிலேயே பெரியது 'கொலாட்டரல் டேமேஜ்' என்ற சொல்தான் என்று டெஸ்மண்ட் கல்லூரி கேன்டீனில் அறிவித்தான். 1999. டிவியில் யுகோஸ்லாவியா மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

"பாலத்துக்குக் குறி வெச்சானாம், பஸ்ல போனவங்க செத்தாங்களாம். அதுக்கு ஒரு பேரு வேற! என் எழுத்துல யாருக்காவது தப்பா அடிபட்டா, பேரைப் போட்டு மன்னிப்பு கேப்பேன்டா."

காக்ஸ் டவுன் சர்ச் சபையின் இளைஞர் மடலுக்கு ஆசிரியர், எழுத்தாளர், ஜெராக்ஸ் எடுப்பவர் எல்லாம் அவன் ஒருவனே.

அக்டோபரில் அறுப்பின் பண்டிகை; காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விட்டார்கள். எடுத்த பொருளைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடுவது வழக்கம். டோரீன் ஆன்ட்டி செய்த பிளம் கேக்கைச் சபைச் செயலாளர் ஞானசேகரன் நாலு தடவை எடுத்தார், நாலு தடவை கொடுத்தார், நாலு தடவையும் கைதட்டு வாங்கினார். டெஸ்மண்டுக்கு அந்தக் கைதட்டு பொறுக்கவில்லை. மடலில் எழுதினான்: 'நாலு ஏலத்துக்கும் ஓரம் உதிராத கேக். கோயில் மதிலில் ஒரு கல் குறைகிறது. செயலாளர் ஆவன செய்யலாம்.'

சபையே சிரித்தது. ஞானசேகரனும் சிரித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிசம்பர் முதல் வாரம் டோரீன் ஆன்ட்டி வீட்டுக்குப் போனான். கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர்தான் அவருக்குப் பிழைப்பு. ஜூலையில் ரம்மில் ஊறப்போட்ட திராட்சை ஜாடி ஜாடியாக மூடி திறக்காமல் இருந்தது.

"என்ன ஆன்ட்டி, இன்னும் ஆரம்பிக்கலையா?"

"யாருக்கு மேன் பண்றது? போன வருஷம் அறுபது ஆர்டர். இப்ப ஒம்போது. போன் பண்ணா, 'மதில்ல வெக்கிற கேக்கா ஆன்ட்டி'ன்னு சிரிக்கிறாங்க." குரலில் கோபமே இல்லை. "நீ ஞானசேகரனைத்தானே அடிச்சே? நடுவுல என் கேக் நின்னுடுச்சு. அது நெஜமாவே நல்லா இல்லையாப்பா? எங்கிட்ட மட்டும் சொல்லு."

டெஸ்மண்ட் அதைத் தின்றதே இல்லை. நாலு ஏலத்திலும் அதை யாரும் வெட்டவே இல்லை. மடலில் அந்த ஒரு வரியைப் போட்டால் போதும், ஆர்டர் திரும்பிவிடும். கிறிஸ்துமஸுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

"மடல்ல திருத்தம் போட்டுடறேன் ஆன்ட்டி."

வீட்டுக்கென்று சுட்டிருந்த கேக்கில் ஆன்ட்டி ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். பஞ்சு மாதிரி இருந்தது. உள்ளங்கையில் உதிர்ந்த ஓரத்தையும் பொறுக்கித் தின்றான்.

அன்று மாலை, 'டோரீன் ஆன்ட்டியின் கேக்கை நான் ருசி பார்க்காமலே' என்று எழுதினான். நூற்றைம்பது வீடு படிக்கும். அடித்தான். மறுபடி எழுதினான். மறுபடி அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மடலில், பாடகர் குழு பயிற்சி நேரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் வந்தது: 'அக்டோபர் இதழால் சிலருக்கு ஏற்பட்ட எதிர்பாராத பாதிப்புக்கு வருந்துகிறோம். ஆசிரியர் குழு.'

டோரீன் ஆன்ட்டி வீட்டுப் பிரதியைக் கதவிடுக்கில் செருகினான். மணி அடிக்கவில்லை.