கல்லில் இருந்த இந்தியா

“என்ன டீச்சர், கணக்கு நேரத்துல பிள்ளைகளை ஜெபத்துல உக்கார வச்சிருக்கீக?”

தலைமையாசிரியர் சீனிவாசகம் வாசலில் நின்று கேட்டபோது ஐந்தாம் வகுப்பு முழுவதும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. ஞானதீபம் டீச்சர் திரும்பி, உதட்டில் விரல் வைத்தாள். பெரியவரையே வாயை மூடச் சொல்லுகிற தைரியத்தைப் பாருங்களேன்! எல்லாம் பயிற்சிக் கல்லூரியில் பிடித்த பித்து. பாடம் பிள்ளையின் மனசுக்குள் எப்படிப் படமாக விழுகிறது என்று தெரிந்துகொண்டால், தப்பு எங்கே பிறக்கிறது என்றும் தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி.

“இந்தியா படம் மனசுல தெரியுதா? மெட்ராஸ் எந்தப் பக்கமோ அந்தக் கையைத் தூக்குங்க.”

வலது கைகள் எழுந்தன. மாடத்தி மட்டும் இடது கையைத் தூக்கினாள்.

“பாத்தீகளா? சோத்துக்கை பீச்சாங்கை தெரியாத மண்டு. இந்த வருசமும் இவ இங்கனதான் கெடக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார் சீனிவாசகம்.

மாடத்தியின் முகம் சுண்டிப்போனது. இந்த வருஷமும் தேறாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டப் போகவேண்டியதுதான் என்று அவள் அப்பா முனியசாமி சொல்லியிருந்தார். 

மத்தியானம் ஞானதீபம் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். “கண்ணை மூடுனப்ப என்ன தாயி தெரிஞ்சுது?”

“அப்பாவோட கல்லு, டீச்சர். அதுலதான இந்தியா இருக்கு?”

அட! முனியசாமி அச்சாபீஸில், தாளை அழுத்திப் படம் எடுக்கிற லித்தோ கல்லில் லேபிள் வரைபவர். தாளில் நேராக விழ வேண்டுமென்றால் கல்லில் இடம் வலமாக, வலம் இடமாக வரைய வேண்டும். தீபாவளி சீசனுக்கு இந்தியப் படம் போட்ட வெடிக்கட்டு லேபிள் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். மகள் சாயங்காலமெல்லாம் அந்தக் கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வேறு எங்கே போய்ப் பார்ப்பாள்? அவளிடம் புத்தகம் கிடையாது. பள்ளிக்கூடத்தின் ஒரே தேசப்படமோ, எலிக்குப் பயந்து சீனிவாசகத்தின் பீரோவுக்குள் கிடந்தது.

ஞானதீபத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அவசரப்படலாமா? தானே கேட்டால் பிள்ளை தன் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடும். அதனால் நாலாம் வகுப்பு பைரோஜா டீச்சரிடம், காரணத்தைச் சொல்லாமல், கேள்விகளை மட்டும் கொடுத்து மாடத்தியிடம் அனுப்பினாள். கல்லில் பார்த்ததெல்லாம் மாறி வர வேண்டும், தெருவில் பார்த்ததெல்லாம் நேராக வர வேண்டும். கை தெரியாத பிள்ளை என்றால் இரண்டுமே குழம்பும்.

பைரோஜா ஓட்டமும் நடையுமாக வந்தாள். “பம்பாய் வலது பக்கமாம். அவ அப்பா வரைஞ்ச மயில் லேபிள்ல மயிலு இடது பக்கம் பாக்குதாம். தீப்பெட்டியில வலது பக்கமுல்ல பாக்குது! ஆனா வீட்டுக்குப் போற வழியில அச்சாபீஸ் எந்தக் கை, கிணறு எந்தக் கைன்னா, டக்கு டக்குன்னு சரியாச் சொல்லுதா. என்ன கூத்து இது, ஞானம்?”

ஞானதீபம் அவளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். அப்படியே மாடத்தியை இழுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடிப்போய்க் கல் விஷயத்தைச் சொன்னாள். எண்ணெய்த்தாளில் மாடத்தி இந்தியாவை வரைந்தாள். ஞானதீபம் தாளைப் புரட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பம்பாய், மெட்ராஸ், ராமேஸ்வரத்து மூக்குக்கூட அச்சாக இருந்தது.

சீனிவாசகம் நாற்காலியை விட்டு எழுந்தார். “சரிதான் டீச்சர். ஆனா பரீட்சைக்கு வர்ற இன்ஸ்பெக்டர் தாளைப் பொரட்டியா பாப்பாரு?”

கண்டுபிடித்த சந்தோஷத்தில் இதை ஞானதீபம் யோசிக்கவே இல்லை.

“தாளைப் போட்டு எடுத்துட்டா?” என்றாள் மாடத்தி மெதுவாக.

“எங்கன போட்டு?”

“மனசுலதான், டீச்சர். கல்லு மேல.”

கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கையால் காற்றை அழுத்தித் தேய்த்தாள், ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தாள், புரட்டினாள். பிறகு கரும்பலகைக்குப் போய் வரைந்தாள். பம்பாய் இடது பக்கம் வந்தது, மெட்ராஸ் வலது பக்கம் வந்தது. ஞானதீபம் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

“இருக்கன்குடி ஆத்தா சத்தியமா நானாத்தான் போட்டேன் சார்” என்றாள் மாடத்தி.

“நான்தான் பாத்துக்கிட்டே இருந்தேனே! லேபிள் ஒட்டவாவது, ஒண்ணாவது. பரீட்சையிலயும் இப்படியே போடு, ஆறாங் கிளாஸுக்குப் போ. உங்க அப்பாவை என்னை வந்து பாக்கச் சொல்லு.”

சொல்லிவிட்டு, தனக்கும் இந்தியா தெரிகிறதா என்று பார்க்க அவரும் கண்ணை மூடினார். நேரமாகியும் திறக்கவில்லை.

“ஏன் டீச்சர், எனக்கு வெறும் இருட்டுல்ல தெரியுது? எல்லாருக்கும் இப்படித்தான்னு இம்புட்டு வருசமா நெனச்சிருந்தேனே!”

“சார், அப்படியே இருங்க! கண்ணைத் தொறந்துறாதீக!” என்று கத்தினாள் ஞானதீபம். “பைரோஜா, ஓடி வா! கேள்வி கேக்கணும்!”