அகலச் சறுக்குக்கட்டை, பூட்டோடு

அருப்புக்கோட்டையில் பழைய சறுக்குக்கட்டை வாங்கியவர், அந்தக் கட்டை வழி மறக்கும்வரை விற்றவர் வீட்டுக்குத்தான் போய்ச் சேருவார். அதனால் கட்டையை விற்ற வீட்டில் சாயங்காலம் ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகப் போடுவார்கள். வந்தவரைக் கையலம்பச் சொல்லி, சாப்பாடு போட்டு அனுப்புவது விற்றவர் கடமை. செய்யாதவர்களும் உண்டு. அவர்கள் பேச்சை எடுத்தாலே ஊரில் முகத்தைச் சுளிப்பார்கள்.

கார்த்திகை பிறந்ததும் விழத் தொடங்கும் வெண்பனி பங்குனிப் பொங்கல் வரை தெருவில் கெட்டியாகக் கிடக்கும். சறுக்குவதற்கு மேட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. வேலைக்குப் போகும் பாதை எல்லாருக்கும் ஏற்றம், வீட்டுக்குத் திரும்பும் பாதை எல்லாருக்கும் இறக்கம். ஒரே தெருவில் எதிரெதிரே வருகிற இரண்டு பேரும் இறங்கிக்கொண்டுதான் வருவார்கள். காலையில் கட்டையைத் தோளில் போட்டு நடப்பது, மாலையில் காலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு சறுக்குவது என்று பிழைப்பு ஓடும்.

மாரிக்கனி பெண்கள் பள்ளியில் ஓவிய டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு நேரம் இல்லை என்று சொல்லிக்கொள்வாள். அந்த நேரத்தையெல்லாம் குதிப்பதில் செலவிட்டிருந்தாள். அவளுடையது வித்தை காட்டுகிறவர்கள் வைத்திருக்கும் அகலக் கட்டை. இரண்டு நுனியும் மேலே வளைந்திருப்பதால் முன்னாலும் போகும், பின்னாலும் போகும். பேருந்து நிலையத்து வெள்ளரிக்காய் வண்டியை அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் தாண்டுவாள். வண்டிக்காரர் தலையைக்கூடக் குனிய மாட்டார். போன வருஷம் வலது முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. வைத்தியர் குதிக்கவே கூடாது என்றார். குதிக்காமல் அந்தக் கட்டையில் போவது அவளுக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தாள்.

வாசலில் ஒரு அட்டை தொங்கவிட்டாள். பழைய அகலக் கட்டை, பூட்டோடு சேர்த்து விற்பனைக்கு, அடியில் ஒரு கீறல், வீட்டுச் சாப்பாடு சைவம் என்று எழுதியிருந்தாள். பூட்டு என்பது பூட்ஸைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு. கட்டை எதை வீடு என்று நினைக்கிறதோ அந்த வாசலில்தான் அது வாயைத் திறக்கும். வேறு எங்கே நின்றாலும், குட்டிக்கரணம் போட்டாலும், திறக்காது.

முதலில் வந்தவர் பூட்டைக் கழற்றிவிட்டுக் கட்டையை மட்டும் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அடுத்து வந்தவர் சைவம் என்றதும் போய்விட்டார். மூன்றாவதாக வந்தவர் தவசிலிங்கம். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், தனி ஆள், பந்தல்குடி சாலையில் குடியிருப்பவர். கட்டையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அடியில் இருந்த கீறலை விரலால் தடவினார்.

"நல்லா வச்சிருக்கீக டீச்சர்," என்றார். பேரம் பேசவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே வாசலில் வந்து நின்றார். பூட்டு டக்கென்று திறந்தது. மாரிக்கனிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கடமை என்று தெரிந்தே விற்றாலும், இன்னொரு ஆளுக்குச் சமைப்பது லேசுப்பட்ட காரியமா? பீர்க்கங்காய்த் துவையலும் மோரும் வைத்தாள். அவர் சாப்பிட்டார். எழுந்து கையலம்பிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு மெல்லிய துணியை எடுத்தார்.

"உங்க கண்ணாடியக் குடுங்க. பாத்துக்கிட்டே இருக்கேன், பொறுக்க முடியல."

துடைத்துக் கொடுத்ததை மாட்டிப் பார்த்தபோது, தன் வீட்டுச் சுவர் பச்சை நிறம் என்பது தெரிந்தது. ஓவிய டீச்சர் இத்தனை நாளும் அதை மஞ்சள் என்றே நினைத்துக் குடியிருந்திருக்கிறாள்.

பிறகு அவர் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனார். கட்டையைப் பொறுத்தவரை டீச்சர் வீடுதான் அதன் வீடு. அங்கிருந்து அது நகராது. தினமும் இப்படியே நடந்தது. சறுக்கிக்கொண்டு வருவார், சாப்பிடுவார், கண்ணாடியைத் துடைப்பார், நடந்து போவார். கடைக்கு வருகிறவர்கள் கதையை எப்போதாவது சொல்வார். எழுத்து தெளிவாகத் தெரிந்ததும் சிலர் கோபித்துக்கொள்வார்களாம்.

மாரிக்கனி நான்கு மணி பெல் அடித்ததும் பள்ளியை விட்டுப் புறப்பட ஆரம்பித்தாள். கத்தரிக்காயைத் தொட்டுத் தொட்டு வாங்கினாள். பூட்டு திறக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்த மனுஷன் வருவது பிடித்திருந்தது. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

மாசி பிறந்ததும் கட்டை மறக்க ஆரம்பித்தது. ராத்திரியெல்லாம் பந்தல்குடி சாலை வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கிற கட்டை எத்தனை நாள்தான் பழைய வீட்டை நினைத்துக்கொண்டிருக்கும்? ஒரு நாள் தபால் நிலைய முக்கில் தயங்கி நின்றதாக அவர் சொன்னார். இன்னொரு நாள் இடது கட்டை ஒரு பக்கமும் வலது கட்டை ஒரு பக்கமும் இழுக்க, காலை அகட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். அன்றைக்கு ரசம் ஆறிப்போயிருந்தது.

"இனி ரொம்ப நாள் இல்ல," என்றாள் பக்கத்து வீட்டுச் செண்பகம். "நல்லதாப் போச்சு டீச்சர். அரிசி மிச்சம்."

"ஆமா, மிச்சம்," என்றாள் மாரிக்கனி. செண்பகத்தின் வாயில் அரிசியை அள்ளிப் போட்டு அடைக்கலாம் போல இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. வாசல் விளக்கைப் போட்டாள். சாதம் விறைத்துப்போயிற்று. இரண்டு பேர் சாப்பாட்டையும் ஒருத்தியாகச் சாப்பிட்டாள், கோபத்தில். கோபம் தீர்ந்த பிறகு துக்கம் வந்தது. கண்ணாடியை முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டாள். சுவர் மஞ்சளாகத்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் தவசிலிங்கம் கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தே வந்தார். உட்காராமல் நின்றார்.

"டீச்சர், ஒரு கட்டை விக்கணும்."

"என்ன கட்டை?"

"பழசு. அகலம். பூட்டோட சேத்து. அடியில ஒரு கீறல் இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "என் வீட்டுக்கு வழி நல்லாப் படிச்சிருக்கு."

மாரிக்கனி கட்டையை வாங்கிப் பார்த்தாள். தன் கட்டையையே முதன்முறை பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாங்குகிறவள் அப்படித்தானே பார்க்க வேண்டும்.

"என்னால குதிக்க முடியாதே."

"குதிச்சு என்ன ஆகப்போகுது? சும்மா வந்தாப் போதும்."

"வீட்டுச் சாப்பாடு?"

"சாம்பார். எனக்கு அது ஒண்ணுதான் வரும்."

"புளி கம்மியா போடுவீகளா?"

"போடுறேன்."

அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. ஆனாலும் அவள் விலையில் கொஞ்சம் பேரம் பேசினாள். இல்லாவிட்டால் அலைகிறாள் என்று நினைத்துவிடுவார்.

திங்கள்கிழமை சாயங்காலம் பள்ளி வாசலில் கட்டையை மாட்டினாள். பூட்டு கவ்வியது. கட்டை அவளை அடையாளம் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நேரே பந்தல்குடி சாலைப் பக்கம் திரும்பியது. பாதை இறங்கியது. வெள்ளரிக்காய் வண்டியை முதன்முறையாகச் சுற்றிக்கொண்டு போனாள். வண்டிக்காரர் எழுந்து நின்று பார்த்தார். கௌரவம் போனால் போகட்டும் என்று இருந்தது.

தபால் நிலைய முக்கு தாண்டியதும் முட்டி பிடித்துக்கொண்டது. முதலில் விண் விண்ணென்று தெறித்தது, பிறகு கால் முழுக்க நடுங்கியது. பந்தல்குடி சாலை இன்னும் வெகு தூரம். வலது காலை ஊன்ற முடியவில்லை. விழுந்தால் எழ முடியாது. அந்த வாசலைத் தொடாமல் பூட்டும் திறக்காது. பாதி வழியில் கட்டையும் காலுமாக விடியும்வரை பனியில் கிடக்க வேண்டியதுதான். அதைவிட, அங்கே ஒரு மனுஷன் சாதத்தை விறைக்க விட்டுக்கொண்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாரே என்ற நினைப்புதான் அவளை அழவைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தியேட்டர் வளைவில் திரும்பினாள்.

அங்கே, தெருவின் நடுவில், தவசிலிங்கத்தின் வீடு வந்துகொண்டிருந்தது.

சின்ன ஓட்டு வீடு. நிதானமாகத்தான் வந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்ததால் கூரையில் புகை இருந்தது. அவர் நிலைப்படியில் நின்று, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கரண்டி வைத்திருந்தார். வாசல் அவளுடைய கட்டையின் நுனியைத் தொட்டது. பூட்டு டக்கென்று திறந்தது.

"பாத்து ஏறுங்க டீச்சர். இன்னும் நிக்கல," என்றார்.

கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். பின்னால் ஓர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். தவசிலிங்கம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, வீட்டைக் கொஞ்சம் ஓரமாக ஒதுக்கி, அவருக்கு வழி விட்டார். மாரிக்கனி கையலம்பிவிட்டு இலையின் முன் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.