இடது கைக் கிட்டாரின் சரிவு

அக்கா, குட்டையன் பேசுகிறேன். வயது இருபத்தாறு. இருப்பது கிட்டார் பட்டறைக்கு மேலேயுள்ள அறையில். இன்று சனிக்கிழமை, மதியம். நான் பேசப் பேசப் போனே எழுதிக்கொள்கிறது. கையால் தட்டினால் பாதியிலேயே அழித்துவிடுவேன். நேரில் பேசினால் நீ குறுக்கே புகுந்து என்னைச் சமாதானப்படுத்துவாய். இரண்டும் வேண்டாம்.

உன் கொழுந்தனைப் பற்றித்தான்.

அவனை இங்கே சேர்த்துவிட்டது நான். நீ கேட்டாய், நான் முதலாளியம்மாவிடம் போய் நின்றேன். "உன் மச்சானா? உளி பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அன்றைக்கு அவனுக்கு உளிக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வருட ஒப்பந்தம். அது முடியும்போது முதலாளியம்மா மறுபடி கையெழுத்துப் போட்டால்தான் அவன் இங்கே தங்கலாம், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதல் வாரம் பசைச் சட்டி கழுவிக்கொண்டிருந்தான். எட்டாவது மாதம் கைச்சரிவு மேசை அவனுக்குப் போய்விட்டது. அந்த மேசைக்காக நான் மூன்று வருடம் காத்திருந்தேன்.

கைச்சரிவு என்றால் உனக்குத் தெரியாது. கிட்டாரை மடியில் வைத்து வாசிக்கிறவரின் முன்கை பெட்டியின் விளிம்பில் அழுந்தும். கொஞ்ச நேரத்தில் தோல் சிவக்கும், விரல் மரத்துப்போகும். அதற்காக அந்த இடத்தில் மட்டும் விளிம்பைச் சாய்வாகச் செதுக்கி, அதன்மேல் மெல்லிய மரத்தகடு ஒட்டி, கை சுகமாக உட்காரும்படி செய்வோம். ஆனால் மேல்பலகை மூன்று மில்லிமீட்டர்கூடக் கிடையாது. சும்மா செதுக்கினால் ஓட்டை விழும். ஆகவே பெட்டியை மூடுவதற்கு முன்பே, சரிவு வரப்போகும் இடத்துக்கு நேர் உள்ளே ஒரு கட்டையை ஒட்ட வேண்டும். அதுதான் என் வேலை. மூடிய பிறகு யார் கண்ணிலும் படாது.

கண்ணில் படுவதெல்லாம் அவன் வேலை. செதுக்குவதைக்கூட விடு, பைண்டிங் இருக்கிறதே, விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடாக ஓடும் மெல்லிய மரத்தாலான பட்டை, அது சரிவு தொடங்கும் இடத்தில் இரண்டாகப் பிரிந்து, மேல் ஓரமாக ஒன்றும் கீழ் ஓரமாக ஒன்றும் போய், மறுமுனையில் திரும்பச் சேர வேண்டும். பட்டையைச் சூடான குழாயில் வளைத்து, பசை தடவி, அங்குலத்துக்கு ஒரு டேப் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். என்னுடைய முனைகள் காக்கை வாய் திறந்த மாதிரி இருக்கும். அவனுடைய முனையில் நகத்தை வைத்து இழுத்தால் நகம் எங்கேயும் தட்டாது. அவன் சாப்பிடப் போன நேரத்தில் இழுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல.

நீயும் சும்மா இருக்கவில்லை. குடும்பக் குரூப்பில் அவன் செய்த சரிவைப் போட்டு, "எங்க வீட்டுப் பையன் கை" என்று எழுதினாய். அம்மா அதற்கு ஏழு இதயம் போட்டாள். எண்ணிப் பார்த்தேன். அந்தச் சரிவுக்கு உள்ளே இருந்த கட்டை என்னுடையது அக்கா.

அவன் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். ஒவ்வொரு முனையையும் என்னிடம்தான் முதலில் காட்டுவான்.

"மச்சான், கொஞ்சம் பாரேன். சரியா வந்திருக்கா?"

"என்கிட்ட ஏன் கேக்கிற? நீதான் பெரிய ஆளு."

"ஆமா, பசைச் சட்டி கழுவுன பெரிய ஆளு."

"இப்ப அதை நான்ல கழுவுறேன்."

விழுந்து விழுந்து சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

போன மாதம் ஒரு இசை ஆசிரியைக்குக் கிட்டார் செய்ய ஆரம்பித்தோம். தோளில் அறுவை சிகிச்சை ஆனவர், சரிவு இல்லாத கிட்டாரை அவரால் கால் மணி நேரம்கூட வாசிக்க முடியாது. அவருக்கு இடது கைப் பழக்கம். இடது கைக் கிட்டாரில் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிவிடும். சரிவு எதிர்ப்பக்கம் வரும், உள்ளே கட்டையும் எதிர்ப்பக்கம் வரும். ஆனால் பெட்டி மூடிய பிறகு வெளியிலிருந்து இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதற்காக எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டை ஒட்டுகிறவன் அந்தப் பக்கத்து விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டித் தருவான். டேப் இல்லையென்றால் வழக்கமான பக்கம்; பெட்டி யாருக்கு என்று செதுக்குகிறவன் கேட்பதில்லை.

நான் ஒட்டினேன். சத்தியமாக ஒட்டினேன். பெட்டியில் வழிந்த பசையைத் தேய்த்தபோது கழன்று விழுந்தது. குனிந்து எடுத்தேன். திரும்ப ஒட்டுவதற்கு இரண்டு நொடி ஆகும். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை அவன் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கழன்றது தானாக. பையில் போட்டது நான்.

கிட்டார் பாழாக வேண்டும் என்று நினைக்கவில்லை. பென்சில் கோடு போடுவதற்கு முன் அவன் விரலை மடக்கி விளிம்பைத் தட்டுவான், கட்டை இல்லாத பக்கம் பொத்துப் பொத்தென்று கேட்கும், "என்ன மச்சான் இது" என்று பதறிக்கொண்டு வருவான், ஒரு தடவையாவது அவன் என் மேசைக்கு முழித்துக்கொண்டு வந்து நிற்பதைப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். மற்றவர்கள் மூடித் தரும் பெட்டிகளை அவன் அப்படித்தான் தட்டிப் பார்ப்பான். நான் மூடித் தரும் பெட்டியை மட்டும் அவன் தட்டுவதில்லை என்பது அன்று எனக்குத் தெரியாது. அவன் நேராகக் கோடு போட்டான். தப்பான பக்கத்தில்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பிறகு அரத்தை எடுத்தான், அப்போதும் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே தேய்த்து முடித்த பலகையை நான் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவன் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு ராவினான். ஒரே சீராக ராவினான், எனக்கு அது வராது. வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தபோதெல்லாம், இன்னும் ஒரு இழுப்பு போகட்டும், இன்னும் ஒன்று என்று தள்ளிக்கொண்டே போனேன். பிறகு அரத்தின் சத்தம் மாறியது.

அவன் பாட்டு நின்றது. விரல் நகம் அளவுக்கு ஒரு ஓட்டை. அதில் சுண்டு விரலை விட்டுத் துழாவினான்.

"மச்சான், கட்டை எங்க?"

"அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"இது இடது கை."

முதலாளியம்மா வந்தார். பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் முதலில் கேட்டார்.

"டேப் ஒட்டினியா இல்லையா?"

அவன் முந்திக்கொண்டான்.

"ஒட்டியிருப்பான் மேடம். நான்தான் பெட்டியைத் திருப்புறப்ப எங்கயோ உரசி விட்டுருப்பேன்."

"நீ டேப்பைப் பாத்தியா?"

"பாத்த மாதிரி ஞாபகம் இல்ல. ஆனா அவன் ஒட்டாம தரமாட்டான்."

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை அக்கா. அப்படி இருந்தாலாவது நான் அவனை ஒரு நடிகன் என்று திட்டியிருப்பேன். அவன் அதை நம்பித்தான் சொன்னான். சாயங்காலம் வேலை முடிந்து துடைப்பத்தை எடுத்துத் தரை முழுக்கப் பெருக்கி, அந்தச் சிவப்பு டேப்பைத் தேடினான். மேசைக்கு அடியில் படுத்துத் தேடினான். டேப் என் பையில் இருந்தது.

மேல்பலகையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஆசிரியை இன்னும் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். அவனைச் சரிவு மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த மேசை இப்போது என்னிடம். அதில் என் முதல் பைண்டிங்கை இந்த வாரம் கட்டினேன். பட்டை முறுக்கிக்கொண்டு நின்றது. அவனாக வந்து மறுமுனையைப் பிடித்தான்.

"குழாயில இன்னும் கொஞ்சம் சூடு காட்டு மச்சான். அதுவே வளையும், நீ வளைக்காத."

வளைந்தது. முனை கச்சிதமாகச் சேர்ந்தது. என் மேசையில் வந்த முதல் நல்ல முனை, அதிலும் பாதி அவன் கை. இவ்வளவுக்குப் பிறகும் அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது வெட்கம் இல்லை அக்கா, பொறாமைதான். இதை நான் உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

நேற்று அவன் உடுப்புகளை மடித்துக்கொண்டே, "அண்ணிகிட்ட இப்போதைக்குச் சொல்லாத மச்சான், அண்ணன் சங்கடப்படும்" என்றான். செவ்வாய்க்கிழமை ஒப்பந்தம் முடிகிறது. முதலாளியம்மா கையெழுத்துப் போடுகிற மாதிரி தெரியவில்லை. "கவனம் இல்லாத கை எவ்வளவு நல்ல கையா இருந்து என்ன" என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் காதிலும் விழுந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டேப்பை முதலாளியம்மா மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். என்னை அனுப்பிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு எப்படித் தெரியப்போகிறதோ என்று அதைவிடப் பயம். நேற்றும் இப்படித்தான் முடிவு செய்துகொண்டு போனேன். அவர் கதவு வரைக்கும் போய், பசை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். பசை தீரவில்லை. என்னை நான் நம்பவில்லை.

அதனால் நீ ஒன்று செய். இதை இன்றைக்கே அத்தானிடம் சத்தமாக வாசித்துக் காட்டு, எதையும் விடாமல். வாசித்து முடித்ததும் அவரை அவர் தம்பிக்குப் போன் பண்ணச் சொல். நான் இங்கே பக்கத்து அறையில்தான் இருப்பேன்.